பினாங்கு வெயிலுக்கு ஒரு கணினி

வீட்டுக்குப் புதுக் கணினி கட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தப் புரோசசர், எந்தக் கிராபிக்ஸ் கார்டு என்று நான் முதலில் கேட்பதில்லை. அது இருக்கப் போகிற அறையில் ஏர்கோன் ஓடுமா என்றுதான் கேட்பேன். யூடியூப்பில் நாம் பார்க்கிற சோதனைகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. என் அறை ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில், மேற்குப் பார்த்த சன்னலோடு இருக்கிறது. பிற்பகலில் காற்றாடி முழு வேகத்தில் சுற்றினாலும் 32 டிகிரிக்குக் கீழே இறங்காது.

காற்றை வைத்துக் குளிரூட்டுகிற எந்தக் கூலரும் சிப்பை அறைக் காற்றைவிடக் குளிராக வைத்திருக்க முடியாது. அறையில் பத்து டிகிரி கூடினால் சிப்பிலும் ஏறத்தாழ பத்து டிகிரி கூடும். அங்கே 80 டிகிரியில் ஓடுவதாகக் காட்டப்படும் புரோசசர் இங்கே 90-ஐத் தொடும். ரைசன் 9000 வரிசைக்கு உச்சவரம்பு 95 டிகிரி, இன்டெலின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு 105. வரம்பு நெருங்கினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதிகக் காசு கொடுத்து வாங்கிய வேகம் பிற்பகல் மூன்று மணிக்குக் காணாமல் போய்விடும்.

அதனால் பட்டியலில் முதலிடம் பிடித்த சிப்பைத் தேடி ஓடுவதைவிட, பவர் சப்ளை, கேசிங், ரேம், மதர்போர்டு என்று யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத சாமான்களில் பணத்தைப் போடுவதுதான் நம் ஊருக்குச் சரி என்பது என் கருத்து. சிப்பை வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வாங்கினால் போதும். இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு முன்னால் நானே ஒன்று கட்டி முடித்தேன். எதை ஏன் எடுத்தேன், எதை ஏன் விட்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பழைய கணினியில் இருந்தது இன்டெலின் நான்காம் தலைமுறைக் கோர் ஐ5. 2013-இல் வந்த சிப். பத்தாண்டுக்கு மேல் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். அது மட்டும் காரணமாக இருந்திருந்தால் லினக்ஸ் போட்டுக்கொண்டு இன்னும் சில காலம் ஓட்டியிருப்பேன். இப்போது அதில் லினக்ஸ்தான் ஓடுகிறது; அக்காள் மகள் பள்ளி வேலைகளை அதில்தான் செய்கிறாள். என்னை உண்மையில் தள்ளியது கேமரா.

தைப்பூசத்தை வீடியோ எடுப்பது எனக்கு வேண்டுதல் மாதிரி. ரதம் ஊருக்குள் கிளம்புவதிலிருந்து தண்ணீர்மலைப் படியேறும் காவடிகள் வரை எடுத்து, வெட்டிச் சேர்த்து, உறவுக்காரர்களுக்கும் படத்தில் வந்தவர்களுக்கும் கொடுப்பேன். முன்பு வைத்திருந்த கேமராவின் கோப்புகளைப் பழைய கணினி எப்படியோ சமாளித்தது. இப்போதுள்ளது 4கே, 10 பிட், 4:2:2, எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவு செய்கிறது. சாதாரண வீடியோவில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு நிறத் தகவல்தான் இருக்கும். 4:2:2 முறையில் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. மயிலிறகுக் காவடியின் ஓரத்தில் பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று கரைந்து போகாமல் நிற்பதும், மஞ்சள் துணிக் கூட்டத்தில் ஒவ்வொரு மஞ்சளும் தனித்துத் தெரிவதும் இதனால்தான். ஒருமுறை பார்த்துவிட்டால் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது.

ஆனால் இந்தக் கோப்பை அவிழ்த்துத் திரையில் காட்ட ஒரு புரோசசர் படாதபாடு படும். அதற்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி இருந்தால் வேலை தண்ணீர்பட்ட பாடு. இன்டெல் மேசைக் கணினி சிப்புகளில் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்கு இந்த வகை எச்.265 தெரியும். என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதன்முதலாக 4:2:2 வந்தது. ரைசனோடு சேர்ந்து வரும் உள்கிராபிக்ஸில் அது இல்லை. விளையாட்டுச் சோதனைகளின் வரைபடத்தில் இது எங்கேயும் தெரியாது. பொதுவாக இன்று எது நல்ல சிப் என்று கேட்டால் ஏஎம்டி பக்கம் கை காட்டுபவர்கள் அதிகம்; அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. என் வேலைக்கு மட்டும் விடை வேறாக வந்தது. ரைசன் எடுத்தால் கூடவே ஆர்டிஎக்ஸ் 50 போல ஒரு கார்டும் எடுக்க வேண்டும். இன்டெல் எடுத்தால் கார்டே வேண்டாம். கோர் அல்ட்ரா 5 245கே என்று முடிவு செய்தேன்.

கடையில் அந்தச் சிப்புக்குப் பக்கத்தில் 245கேஎஃப் என்று இன்னொரு பெட்டி விலை குறைவாக இருக்கும். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது என்று பொருள். தனிக் கார்டு வாங்குபவருக்கு அதனால் நட்டமில்லை. என்னைப் போன்றவர் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் திரையில் படமே வராது. ஒரே ஓர் எழுத்துதான், கவனித்து வாங்குங்கள்.

இந்த எஃப் ரகம் எப்படிப் பிறக்கிறது என்று எனக்குச் சொன்னவர் என் அத்தை. அப்பாவின் தங்கை. 1970-களின் கடைசியில், பத்தொன்பது வயதில், பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்க ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பினாங்கில் அப்படி ஒரு தலைமுறையே உண்டு. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது 1972-இல், பாயான் லெப்பாஸில்தான். ஏஎம்டியும் அதே காலத்தில் இங்கே வந்தது. துன் லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்த காலம் அது. துறைமுகத்தின் வரியில்லாச் சலுகை போய், தீவில் வேலையில்லாதவர்கள் பெருகியிருந்தார்கள். வயல்வெளியாக இருந்த பாயான் லெப்பாஸ் தீர்வையில்லா வட்டாரம் ஆனது. இன்டெலின் அந்த ஆலை 1975-இல் தீப்பிடித்து எரிந்து போய், திரும்பவும் எழுந்தது. 2021 டிசம்பரில் அதே நிறுவனம் பத்தாண்டில் 3,000 கோடி ரிங்கிட் இங்கே போடப் போவதாக அறிவித்தது.

அத்தை முதலில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பின் ஓரத்தில் இணைக்கிற வேலையில் இருந்தார். பிறகு சோதனைப் பிரிவுக்குப் போனார். சூட்டில் வைத்து மணிக்கணக்காக ஓட்டி, எது தாங்குகிறது என்று பார்க்கிற இடம். நான் சிப் பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது எல்லாம் ஒரே தட்டுல இருந்து வர்ற சாமான்தான் தம்பி. மோசமானதுன்னு தூக்கிப் போடுறது கொஞ்சம்தான். எது எந்தப் பெட்டிக்குப் போகணும்னு பிரிக்கிறதுதான் எங்க வேலை."

வேஃபர் என்கிற ஒரே சிலிக்கன் தட்டில் இருந்து அறுத்தெடுக்கிற சிப்புகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று உயர்ந்த வேகத்தைத் தாங்கும். இன்னொன்று கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். ஒன்றில் ஒரு கோர் ஊனமாக இருக்கும். இன்னொன்றில் கிராபிக்ஸ் பகுதி தேறாது. சோதித்துப் பார்த்து, தேறாத பகுதியை அடைத்து, அதற்கேற்ற பெயரும் விலையும் வைக்கிறார்கள். நடுத்தரச் சிப் வாங்குவதில் குறைச்சல் எதுவும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அதன் வரம்புக்குள் அது முழுமையாகத் தேறிய சரக்கு. அதோடு, உச்சரகம் கடைசி ஐந்து விழுக்காடு வேகத்துக்காகக் குடிக்கிற மின்சாரம் மிக அதிகம், அந்த மின்சாரம் முழுவதும் சூடாகி என் அறைக்குள்தான் இறங்கும்.

பழைய ஐ5-ஐக் கழற்றிப் பசையைத் துடைத்துக் காட்டினேன். உலோக மூடியில் மாடல் எண்ணுக்குக் கீழே 'மலாய்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. மலேசியாவில் அடைக்கப்பட்டது என்பதன் சுருக்கம். அந்தக் காலத்தில் சிப்பை அதிவேகத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் கோஸ்தா ரிக்கா சரக்கு நல்லதா, மலாய் சரக்கு நல்லதா என்று உலகம் முழுக்க விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அந்தத் தகட்டை விரல் நுனியால் ஓரத்தில் மட்டும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஓய்வு பெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

சரி, மதர்போர்டில் சிப் உட்காருகிற சாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். எதிர்காலத்தில் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏஎம்டியின் பெரிய பலம். 2017-இல் ரைசனோடு பரவலான ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2024-இலும் புதுச் சிப் வந்தது. 2022-இல் வந்த ஏஎம்5-க்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இன்டெல் அப்படிப்பட்ட பொறுமைக்குப் பெயர் பெற்றதல்ல. கோர் அல்ட்ரா 200எஸ்ஸுக்காக 2024 அக்டோபரில் வந்த எல்ஜிஏ 1851 நெடுங்காலம் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்தேதான் எடுத்தேன். பத்தாண்டுக்கு மேல் ஒரே சிப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓட்டியவன் நான். மாற்றாதவனுக்கு மாற்றும் வசதி எதற்கு?

எங்கள் மாடியிலேயே இருக்கிற பையன் ஒருவன் யூஎஸ்எம்மில் படிக்கிறான், விளையாட்டுப் பிரியன். "அங்கிள், நானும் உங்க மாதிரியே வாங்கிடவா?" என்றான். வேண்டாம் என்று சொன்னேன். அவனுக்கு ஏஎம்5 மதர்போர்டுப் பலகை, ரைசன் 5 9600எக்ஸ், கூடவே கிராபிக்ஸ் கார்டாக ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, அதிலும் 16 ஜிபி ரகம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கார்டு அதே பெயரில் 8 ஜிபியிலும் விற்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயும் அப்படித்தான். இன்றைய விளையாட்டுகளுக்கே 8 ஜிபி இடிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சிப்பை மட்டும் மாற்றுகிற வயதும் ஆசையும் அவனுக்கு இருக்கிறது.

கையில் முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் நல்லதாக வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. இன்டெலின் 12-ஆம் தலைமுறை ஐ5-12400-ஐ டிடிஆர்4 பலகையில் போடலாம், அல்லது ஏஎம்4 பலகையில் ஒரு ரைசன் 7 5700எக்ஸ். புதுச் சரக்கு என்ற பெருமை இருக்காது. ஆனால் இன்றைய நிலையில் மிச்சமாகிற பணம் கொஞ்சநஞ்சமல்ல. 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகளை மலிவாகக் கண்டால் மட்டும் கவனம் வேண்டும். அந்த இரண்டு தலைமுறையிலும் அதிக வாட் சிப்புகள் பலவற்றில் மின்னழுத்தக் கோளாறால் காலப்போக்கில் தடுமாற்றம் வந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, பெட்டியில் விற்ற சிப்புகளுக்கு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. வாங்குவதானால் பலகைக்குள் இருக்கிற அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

பழைய ரேம் இருந்தால் பணம் மிச்சம் என்று சொன்னேன் அல்லவா? இந்த முறை என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. அதற்கு முன்பு விலைப்பட்டியலில் ஓரமாக நின்ற சாமான் இப்போது புரோசசரோடு போட்டி போடுகிறது. உலகில் ரேமுக்கான டிராம் சிப் செய்வது பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தாம். செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகத்துக்கு இப்போது நல்ல விலை. ஒரே கொள்ளளவுக்கு எச்பிஎம் செய்ய டிடிஆர்5-ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேஃபர் தேவைப்படுகிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அங்கே போகிற ஒவ்வொரு வேஃபரும் நம் கடைக்கு வராத வேஃபர். 2025 டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான், வீட்டுக் கணினிகளுக்கு ரேம் விற்கிற தன் குருஷியல் நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. கடைகளுக்குச் சரக்கு அனுப்புவது 2026 பிப்ரவரி வரைக்கும்தான் என்றது.

அந்தச் செய்தி எனக்கு வருத்தமாகவே இருந்தது. மைக்ரானுக்கு இங்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானிலும், ஜொகூரில் மூவாரிலும் ஆலைகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். இரண்டாவது பாலத்தில் ஷிப்டு பஸ்ஸில் போய் வருகிறவர்களின் வீட்டு மேசைக்கு வர வேண்டிய ரேம் வேறெங்கோ போகிறது. வாங்குகிற சக்தி உள்ளவன் எடுத்துக்கொள்கிறான் என்பது வியாபாரம்தான், எனக்கும் புரிகிறது. ஆனாலும் படிக்கிற பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கித் தர நினைக்கிற குடும்பத்தின் தலையில் இந்தச் செலவு வந்து விழுவது சரியில்லை.

நான் 32 ஜிபி எடுத்தேன், 16-இல் இரண்டு. 64 வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டேன். ஒரே 32 குச்சியாக எடுத்து, பிறகு இன்னொன்று சேர்க்கலாமே என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் இரண்டு குச்சி போட்டு ரேம் இரண்டு தடத்தில் ஓடினால்தான் உள்கிராபிக்ஸுக்குத் தேவையான வேகம் கிடைக்கும், ஏனென்றால் அது தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமைத்தான் பயன்படுத்துகிறது. நான்கு குச்சி போடுவதும் டிடிஆர்5-இல் நல்லதல்ல; நான்கும் நிறைந்தால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும். விளக்கு எரிகிற ரகத்துக்கு ஆகிற கூடுதல் காசை மிச்சம் பிடித்தேன். வாங்கி மாட்டிய பிறகு பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பி அமைப்பை, ஏஎம்டி பலகையானால் எக்ஸ்போவை, இயக்க வேண்டும். இல்லையென்றால் 6000 என்று அட்டையில் போட்டிருக்கிற ரேம் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது.

இப்போது பவர் சப்ளை. என்னைக் கேட்டால் கட்டுரை முழுக்க இதைப் பற்றியே எழுதலாம்.

உலகத்தில் இடி மின்னல் அதிகம் உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் மாலையானால் வானம் இருட்டிக்கொண்டு வரும், முதல் இடியிலேயே மீட்டர் பெட்டியில் சுவிச் விழும். பிறை ஊரில் என் உறவினர் வீட்டில் கேசிங்கோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத பவர் சப்ளை ஒரு மழை மாலையில் போனது. தனியாகப் போயிருந்தால் நூறு, நூற்றைம்பது வெள்ளியோடு முடிந்திருக்கும். மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. அதில் இருந்தது ஒரு கல்யாணத்தின் மொத்தப் படங்கள்.

நல்ல பவர் சப்ளையைக் கையில் எடுத்தாலே கனம் தெரியும். உள்ளே நுழைகிற இடத்தில் வடிகட்டிகள், திடீர் மின்னழுத்தத்தை உள்வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர், மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மின்னோட்டம் மிகுந்தாலும் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புச் சுற்றுகள், சூடு தாங்கும் 105 டிகிரி கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். 80 பிளஸ் கோல்டு, பிரான்ஸ் என்ற முத்திரைகள் எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருப்பதன் தரத்துக்கு அவை உத்தரவாதம் அல்ல. தரத்துக்கு நான் பார்க்கிற அடையாளம் வாரண்டிதான். பத்தாண்டு வாரண்டி கொடுக்கத் துணிகிற தயாரிப்பாளர் கெப்பாசிட்டரில் கை வைக்க மாட்டார்.

என் கணினி முழு வேலையில் இருந்தாலும் 300 வாட்டைத் தாண்டாது. 245கே உச்சத்தில் கேட்பது 159 வாட், மற்றதெல்லாம் சில்லறை. ஆனாலும் 650 வாட் கோல்டு ஒன்றை எடுத்தேன். பாதி அளவில் ஓடும்போது பவர் சப்ளை சூடாகாது, அதன் காற்றாடி பெரும்பாலும் நின்றே இருக்கும், பிறகு ஒரு கார்டு போட்டாலும் தாங்கும். 850, 1000 என்று போவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

வேரிஸ்டர் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். அதனால் சுவரிலிருந்து நேராகப் போடாமல் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் வைப்பது நல்லது. வீட்டு எர்த் சரியில்லையென்றால் எதை வைத்தும் பயனில்லை. பழைய கடைவீடுகளிலும் தோட்டத்து வீடுகளிலும் இருப்பவர்கள் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தை ஒருமுறை பார்த்துவிடுவது, நூறு பக்கம் ரிவியூ படிப்பதைவிட மேல். யூபிஎஸ் வாங்கினால் சைன் வேவ் ரகமா என்று கேளுங்கள். இப்போதைய பவர் சப்ளைகளோடு மலிவான படிக்கட்டு அலை யூபிஎஸ் சில சமயம் ஒத்துப்போகாது. கரண்டு போன அந்த நொடியில் கணினியும் சேர்ந்து அணைந்துவிடும். ஃபைபர் கம்பியில் மின்னல் வராது என்பது உண்மைதான். ரூட்டரின் மின் அடாப்டர் வழியாக வந்து, லேன் கேபிள் வழியாக மதர்போர்டுக்குப் போகும் வழி ஒன்று இருக்கிறதே. இடி இடித்தால் நான் லேன் கேபிளையும் சேர்த்துத்தான் கழற்றுகிறேன்.

கேசிங்குக்கு வந்தால், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டவை கடையில் பார்க்க அழகாக இருக்கும். அவற்றை நம் வெயிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்பக்கம் கம்பிவலை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, முன்னால் இரண்டு காற்றாடி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதியை வெளிநாட்டு ரிவியூவில் பார்க்கவே முடியாது. பல்லி. கணினிக்குள் கதகதப்பாக இருப்பதால் பல்லிக்கு அது பிடித்த இடம். பின்பக்கத்தில் கார்டு போடுகிற இடத்துத் தகட்டை எடுத்துவிட்டுச் சும்மா விட்டிருந்தால் அந்த வழியாக நுழைந்து, பலகையில் இரண்டு புள்ளிகளுக்குக் குறுக்கே உடலை நீட்டிவிட்டால் அதுவும் போச்சு, பலகையும் போச்சு. மலிவுக் கேசிங்குகளில் அந்தத் தகடுகள் உடைத்து எடுக்கிற மாதிரி இருக்கும். ஒருமுறை உடைத்தால் திரும்பப் போட முடியாது. திருகால் மாட்டிக் கழற்றும் தகடு இருக்கிற கேசிங்காகப் பார்த்து வாங்கினேன். எறும்புக்கும் அதே மருந்துதான், ஓட்டை இருக்கிற இடமெல்லாம் வலை.

கூலர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டு காற்றாடி உள்ள டவர் கூலர் போதும். தண்ணீர்க் குழாய் வைத்த ரகம் நன்றாகவே குளிரூட்டும், ஆனால் அதன் பம்ப் ஒருநாள் நின்றால் மொத்தமாக நின்றுவிடும். டவரில் காற்றாடி நின்றால் இன்னொரு காற்றாடியை வாங்கி மாட்டலாம். வாங்குமுன் கேசிங்கின் அகலத்துக்குள் அதன் உயரம் அடங்குமா என்று அளந்து கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியில் டிஎல்சி, கியூஎல்சி என்று இரண்டு ரகம். ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது முன்னது, நான்கு வைப்பது பின்னது. பெரிய வீடியோக் கோப்பை நகலெடுக்கும்போது கியூஎல்சி கொஞ்ச நேரம் பறந்துவிட்டுத் திடீரென்று ஆமை மாதிரி ஊரத் தொடங்கும். 1 டிபி டிஎல்சி, பிசிஐஇ 4.0 ரகம் எடுத்தேன். நொடிக்கு 7,000 எம்பி வரை படிக்கும். பழைய சாட்டா ரகம் 550 அளவோடு நின்றுவிடும். 5.0 ரகம் இன்னும் சூடாகும், வீட்டு வேலைக்கு வேறுபாடும் தெரியாது. படங்களுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கையே மாற்றிப் போட்டேன், அதன் நகல் ஒன்று அண்ணன் வீட்டில் இருக்கிறது.

எங்கே வாங்குவது? கோலாலம்பூர்க்காரர்களுக்கு லோ யாட் பிளாசா இருக்கிறது. புக்கிட் பிந்தாங்கில் மோனோரயிலை விட்டு இறங்கினால் நடக்கிற தூரம். ஒரு காலத்தில் கடைக்குக் கடை விலைப்பட்டியலை அச்சடித்துக் கையில் திணிப்பார்கள். அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்து, பேனாவால் வட்டம் போட்டு, கூட்டிக் கழித்துப் பார்த்த சுகம் தனி. இப்போது பினாங்கிலிருந்து அதற்காக ரயிலேறிப் போக வேண்டிய அவசியம் இல்லை. சிப், பலகை, ரேம், பவர் சப்ளை நான்கையும் புக்கிட் ஜம்புல் பக்கம் தெரிந்த ஒரு தௌக்கேயிடம் வாங்கினேன். ஆன்லைனில் கொஞ்சம் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் பெட்டியில் உள்ளூர் விநியோகஸ்தரின் வாரண்டி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்கலாம், கெட்டுப் போனால் கடையில் கொண்டு போய் வைக்கலாம். வெளிநாட்டுச் சரக்குக்கு அனுப்புகிற செலவே பாதி விலை ஆகிவிடும். கூலரையும் காற்றாடியையும் ஆன்லைனில் எடுத்தேன். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பூட்டும்போது அத்தை பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "முதல்ல இரும்பைத் தொடு" என்றார். ஆலையில் மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டாமல் யாரும் மேசைக்கு வர முடியாதாம். பினாங்கின் ஈரக் காற்றில் நிலைமின் அவ்வளவாகச் சேராது. ஏர்கோன் அறையில் காற்று காய்ந்துவிடும் என்பதால் அங்கே கவனம் தேவை. சொன்னதைக் கேட்டு, பவர் சப்ளையின் உலோகத்தைத் தொட்டுவிட்டுத்தான் பலகையை எடுத்தேன்.

இன்டெல் சாக்கெட்டில் ஊசிகள் பலகையின் பக்கம் இருக்கின்றன. ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். ஒவ்வொன்றும் சற்றே சாய்ந்திருக்கும், பலகையைச் சாய்த்துப் பார்த்தால் தங்க நிறத்தில் சீராக மின்னும். ஒன்று வளைந்தாலும் அந்த மினுமினுப்பில் ஓர் இடம் கறுத்துத் தெரியும். சிப்பின் மூலையில் உள்ள முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, மேலிருந்து நேராக வைக்க வேண்டும், தேய்க்கவோ நகர்த்தவோ கூடாது. நெம்புகோலை அழுத்தும்போது உடைந்துவிடுமோ என்கிற மாதிரி ஒரு முனகல் சத்தம் வரும், அது இயல்பு. அப்போது கறுப்பு நிறப் பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து விழும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பலகையை வாரண்டிக்குக் கொண்டு போனால் அந்த மூடி இல்லாமல் வாங்க மறுக்கும் இடங்கள் உண்டு. நான் அதைப் பலகையின் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் முறை சுவிச்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கும். டிடிஆர்5 ரேமுக்கும் புரோசசருக்கும் இடையே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள ஓரிரு நிமிடம், சில பலகைகளில் இன்னும் கூடுதலாக ஆகும். பதறிப் போய் அணைத்துவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பொறுத்திருந்தால் படம் வந்துவிடும்.

அப்புறம் பயாஸில் ஒரு வேலை செய்தேன். சிப் 159 வாட் வரை போகலாம் என்பதை 125-ஆகக் கட்டி வைத்தேன். வீடியோ ஏற்றுமதி செய்யும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தால்கூட வேறுபாடு தெரியவில்லை, சூடு நன்றாகவே குறைந்தது. வெயில் அறைக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும், காசு செலவில்லாத குளிரூட்டல் இதுதான்.

இந்தத் தைப்பூசப் படத்தை அதில்தான் வெட்டினேன். கேமராவிலிருந்து வந்த கோப்பு அப்படியே, சின்ன நகல் எதுவும் எடுக்காமலே, நான்கு தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் நிற்காமல் ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டின் இடம் காலியாகத்தான் இருக்கிறது. நினைவக விலை இறங்கினால் பார்க்கலாம், அவசரம் ஒன்றுமில்லை. மானிட்டர்தான் இன்னும் பழையது. 8 பிட் திரை, 10 பிட்டில் எடுத்த நிறத்தை முழுசாகக் காட்டாது. அடுத்துக் காசு சேர்ப்பது அதற்குத்தான்.